நகச்சூட்டுக் காற்று

யாழ்ப்பாணத்தில் கார் வைத்திருந்தவர்களுக்கு எஞ்சின் சூடு என்பது ஒரு வியாதி. ஏ40 சோமசெற்றில் கலியாண வீட்டுக்குப் போவதென்றால், பாதிவழியில் பொனற்றைத் திறந்துவிட்டுப் பூவரச நிழலில் நிற்கும் நேரத்தையும் கணக்கில் எடுத்துத்தான் வெளிக்கிட வேண்டும். றைவர் ஈரச் சாக்கால் றேடியேற்றர் மூடியைப் பொத்தி, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, கால் திருகு, அரைத் திருகாகத் திறப்பார். ஆவி சீறி அடங்கியதும் பக்கத்து வளவுக் கிணற்றிலிருந்து வாளியில் தண்ணீர் வரும். வளவுக்காரர் தண்ணீரோடு விடமாட்டார். எந்த ஊர், ஆருடைய கலியாணம், சீதனம் எவ்வளவு என்பது வரை விசாரித்த பிறகுதான் வாளியைத் திருப்பி வாங்குவார்.

அந்தக் காலத்து இங்கிலாந்துக் கார்கள் பலவற்றில் ஹீற்றர் என்பது மேலதிகக் காசு கொடுத்துப் பூட்டுவிக்கும் சாமான். எங்கள் ஊரில் ஓடியவற்றில் நான் அதைக் கண்டதேயில்லை. அப்படி ஒன்று உண்டென்று சொல்லியிருந்தாலும், வெய்யிலுக்குள் அடுப்பைக் கட்டிக்கொண்டு போகிற விசரன் ஆரென்று கேட்டிருப்பார்கள்.

கொதிக்கிற காருக்கு எங்கள் கராஜ்களில் நடந்த முதல் வைத்தியம் தேர்மோஸ்ராற்றைக் கழற்றி எறிவது. எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் வேண்டிய அளவு சூடேறும்வரை அதை றேடியேற்றர் பக்கம் போகவிடாமல் மறித்து வைப்பதுதான் அந்தச் சின்ன வால்வின் உத்தியோகம். "கார் கொதிக்கேக்கை தண்ணியை மறிக்கிற சாமான் எங்களுக்கு என்னத்துக்கு?" என்பது மெக்கானிக்மாரின் வாதம். சித்திரை மாதத்து வெய்யிலில் அதை மறுத்துப் பேச ஒருவரும் முன்வரவில்லை. காரும் ஓடியது. பெற்றோல் கொஞ்சம் கூடக் குடித்தது, எஞ்சின் கொஞ்சம் வேளைக்கே தேய்ந்தது. ஆனால் அந்தக் குற்றங்களை எறிந்த வால்வோடு முடிச்சுப் போடக்கூடிய ஆள் ஊரில் இருக்கவில்லை.

இந்தப் படிப்போடுதான் கனடாவுக்கு வந்தோம்.

1980களின் கடைசியில் மொன்றியலில் வந்திறங்கி, கொஞ்சக் காலம் அங்கே கோப்பை கழுவி, பிறகு ரொறன்ரோவுக்குக் குடிபெயர்வது பலருக்கு வழக்கமாக இருந்தது. நானும் அப்படித்தான், என் முதல் காரோடு பெயர்ந்தேன். எட்டு சிலிண்டர் அமெரிக்கக் கார். முன் சீற்றிலேயே மூன்று பேர் தாராளமாக இருக்கலாம். பெற்றோல் ஊற்றும்போது மட்டும் அதன் பருமன் நெஞ்சில் ஏறும். விற்றவர் நம்மவர். "தம்பி, இந்தக் கார் ஒருநாளும் கொதிக்காது" என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணிக் கொடுத்தார். அதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ள எந்த யாழ்ப்பாணத்தானாலும் முடியாது.

மொன்றியலிலிருந்து ரொறன்ரோ ஏறத்தாழ 540 கிலோமீற்றர். வெளியே ஜனவரி. ஹீற்றர் லீவரைச் சிவப்பு முனைவரை தள்ளி, ஃபானை முழு வேகத்தில் விட்டும் வந்தது நகச்சூடுதான். துவாரத்தில் கையை வைத்தால், காய்ச்சல் இறங்கிக்கொண்டிருக்கிற ஆள் முகத்தில் மூச்சு விட்டது போல இருந்தது. முன்கண்ணாடியில் உள்ளங்கை அளவு இடம்தான் தெளிந்தது. மிச்சத்தில் எங்கள் மூச்சே பனியாகப் படிந்தது. சீர்காழி கோவிந்தராஜனின் பக்திப் பாடல் கசெற்றின் பிளாஸ்ரிக் பெட்டியால் அதைச் சுரண்டிக்கொண்டே வருவது பக்கத்தில் இருந்த நண்பனின் வேலை. பின் சீற்றில் இருந்தவர்கள் கம்பளியைப் போர்த்துக்கொண்டு, "401இல ஏறி வேகமா விடு, எஞ்சின் சூடானா எல்லாம் சரி வரும்" என்று ஆலோசனை சொன்னார்கள்.

401இல் ஏறி வேகமாக விட்டேன். இருந்த சூடும் போனது. கிங்ஸ்ரன் தாண்டிப் பனி கொட்டி, வாகனங்கள் எல்லாம் ஊரத் தொடங்கியபோது கொஞ்சம் வெதுவெதுப்பு வந்தது. வீதி வெளித்து மறுபடி வேகமெடுத்ததும் பழையபடி குளிர். கார் எங்களோடு கொளுவுகிறது என்று பின் சீற்றில் தீர்ப்பாயிற்று.

வெலஸ்லி வீதிப் பக்கம் சென் ஜேம்ஸ் டவுனில் அடுக்குமாடிகளின் அடியில் இருந்த கார் தரிப்பிடம் அந்த நாளில் எங்களுக்கு ஒரு பல்கலைக்கழகம். பொனற்றைத் திறந்தால் போதும், மேலே எத்தனையாம் மாடியில் இருந்தாலும் ஆட்கள் இறங்கி வருவார்கள். ஊரில் கணக்குப் படிப்பித்த மாஸ்ரர் ஒருவர் தண்ணீர்ப் பம்பில்தான் பிழை என்று நிறுவினார். இன்னொருவர் டாஷ்போட்டுக்குள் ஒரு குட்டி றேடியேற்றர் இருக்கிறது, அதற்குள் ஓடும் சூட்டுத் தண்ணீர்தான் காற்றைச் சூடாக்குகிறது, அது அடைத்துவிட்டது என்றார். அவர் சொன்ன இயக்கம் சரி, நோய் பிழை. மூன்றாமவர் பேசாமல் போய் ஒரு பியர்ப் பெட்டி மட்டையைக் கிழித்து வந்து றேடியேற்றருக்கு முன்னால் செருகினார். கனடாக்காரர் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்களாம். அன்று பின்னேரம் ஹீற்றர் கொஞ்சம் சுட்டது உண்மை. அதனால் அடுத்த கிழமை முழுவதும் தரிப்பிடத்தில் நின்ற தமிழ்க் கார்கள் எல்லாம், ஹீற்றர் நன்றாக வேலை செய்தவை உட்பட, முகத்தில் பியர் விளம்பரத்தோடு நின்றன.

கடைசியில் டன்டாஸ் மேற்குப் பக்கம் இருந்த ஒரு போர்த்துக்கீசக் கிழவரின் கராஜுக்குக் கொண்டுபோனேன். இங்கிலீஷில் அவரும் நானும் ஒரே வகுப்பு. குளிர்ந்துபோய் நின்ற எஞ்சினை ஸ்ராற் பண்ணச் சொல்லிவிட்டு, றேடியேற்றரின் மேல் ஹோஸைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். எஞ்சின் போதிய சூடு ஏறும்வரை அந்த ஹோஸ் குளிர்ந்தே கிடக்க வேண்டும். பிறகு வால்வு திறந்ததும் சட்டென்று சுட வேண்டும். என்னுடையது தொடக்கத்திலிருந்தே எஞ்சினோடு சேர்ந்து மெல்ல மெல்ல வெதும்பியது. அடுத்து ஹீற்றருக்குப் போகும் குழாயையும் திரும்பி வரும் குழாயையும் இரண்டு கைகளாலும் பிடித்தார். ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்திருந்தால் உள்ளே அடைப்பு. இரண்டும் ஒரே நகச்சூடு. அப்படியென்றால் அடைப்பு ஒன்றுமில்லை, வருகிற தண்ணீரே சூடில்லை. இரண்டு போல்ற்றைக் கழற்றி மூடியைத் தூக்கினார். உள்ளே எட்டிப் பார்த்தார், என்னையும் பார்க்கச் சொன்னார். தேர்மோஸ்ராற் இருக்க வேண்டிய இடம் வெறும் குழி.

ஒருநாளும் கொதிக்காத காரின் இரகசியம் அதுதான். எங்கள் ஆள் ஊர் வைத்தியத்தை மொன்றியலிலும் பார்த்திருக்கிறார். மறிக்க ஒன்றுமில்லாததால் தண்ணீர் முழுவதும் எந்நேரமும் றேடியேற்றருக்குள் போய்க் குளிர்ந்து வந்தது. வேகமாக ஓடினால் பனிக்காற்று றேடியேற்றரை இன்னும் பலமாக அடிக்கும், அதனால் இன்னும் குளிரும். மட்டை அந்தக் காற்றை மறித்ததால் கொஞ்சம் சுட்டது. கிழவர் பிளேட்டால் பழைய காஸ்கெற்றைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதுத் தேர்மோஸ்ராற்றைப் பூட்டமுன் கோப்பிக் கேத்தலில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரில் போட்டுக் காட்டினார். நடுவில் ஒரு பித்தளைக் குமிழ், அதற்குள் மெழுகு. சூடேற மெழுகு விரிந்து தண்டைத் தள்ள, தட்டு மெல்லத் திறந்தது. வெளியே எடுத்துப் பிடித்ததும் சுருங்கி மூடிக்கொண்டது. வயரில்லை, கறன்ற் இல்லை. விலையும் ஒரு பீட்சாவுக்குக் கிட்ட வராது. 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த இனம் என்ற வகையில் போர்த்துக்கீசர் மேல் எங்கள் வீட்டில் ஒரு பழைய வன்மம் உண்டு. அதில் ஒரு பகுதியை அன்று நான் தள்ளுபடி செய்தேன்.

பிறகு ஸ்காபரோவில் நம்மவர் கராஜ்கள் முளைத்தன. நான் கார் விடுகிற கராஜ் அண்ணை 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு வந்தவர். ஊரில் அவர் கழற்றி எறிந்த தேர்மோஸ்ராற்றுகளைச் சேர்த்து வைத்திருந்தால் பித்தளை விலைக்கே ஒரு வீடு வாங்கியிருக்கலாம் என்பார். அவருக்குப் புத்தி வந்தது கனடாவில் அல்ல, மண்ணெண்ணெயில். 1990இல் வடக்குக்குப் பெற்றோல் போவது நின்றபின் அங்கே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராற் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். எஞ்சின் குளிர்ந்து கிடந்தால் மண்ணெண்ணெய் ஆவியாகாது, கார் இருமும், புகைக்கும், நிற்கும். "அப்பதான் தம்பி விளங்கினது, எஞ்சினுக்குச் சூடும் வேணும் எண்டு. பிறகு எறிஞ்ச தேர்மோஸ்ராற்றைத் தேடித் திரிஞ்சனாங்கள். கிடைக்காட்டி றேடியேற்றருக்கு முன்னாலை தகரத்தைச் செருகிறது." ரொறன்ரோவில் பியர்ப் பெட்டி, உரும்பிராயில் தகரம். ஒரே விஞ்ஞானம்.

ஹீற்றர் விஷயத்தில் அவருக்கு வாய்த்தது கை ராசி என்று ஆட்கள் சொன்னார்கள். உண்மையில் அவர் இரண்டு கேள்விதான் கேட்பார். சிக்னலில் நிற்கும்போது குளிர்ந்து, அக்சிலேற்றரை மிதித்தால் சுடுகிறதா? கூலன்ற் குறைந்து காற்றுப் புகுந்துவிட்டது. டாஷ்போட்டுக்குப் பின்னால் களகளவென்று தண்ணீர் ஓடும் சத்தமும் கேட்கும். காருக்குள் இனிப்பு மணமும் கண்ணாடியில் எண்ணெய்ப் படலமும் இருக்கிறதா? குட்டி றேடியேற்றர் ஒழுகுகிறது. பெரும்பாலும் அங்கேயே நோய் பிடிபட்டுவிடும். பிடிபடாதவை எங்கள் ஆட்கள் சிக்கனத்துக்காகச் செய்து வைத்த வேலைகள். ஒழுக்கை நிற்பாட்டுகிறேன் என்று கடையில் விற்கும் பொடியை ஊற்றுவார்கள், பொடிக்கும் காசு செலவழிக்க மனமில்லாதவர்கள் மிளகுத்தூளைக் கொட்டுவார்கள். ஒழுக்கு நிற்கும். ஹீற்றரின் நுண்ணிய குழாய்களும் சேர்ந்து அடைபடும். ஒருவர் கூலன்ற் விலையைப் பார்த்துவிட்டுக் குழாய்த் தண்ணீரையே ஊற்றி ஓடினார். பாதிக்குப் பாதி கலந்தால் பூச்சியத்துக்குக் கீழே 37 பாகை வரை உறையாத சாமான் கூலன்ற். அவருடைய எஞ்சின் பிப்ரவரியில் ஓர் இரவு உறைந்து வெடித்தது. அவருக்கு ஹீற்றரைப் பற்றிய முறைப்பாடு அதற்குப் பிறகு இல்லை.

போர் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு ஊருக்குப் போனபோதுதான் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு ஹீற்றர் தன் முழுப் பலத்தோடு வேலை செய்வதைக் கண்டேன். ஜப்பான் வான். சித்திரை மாதம், ஏ9 வீதி, மதவாச்சி தாண்டியிருக்கும். சூட்டு முள் சிவப்பை நோக்கி ஏறத் தொடங்கியது. சாரதிப் பொடியன் பதறவில்லை. ஏசியை நிற்பாட்டி, கண்ணாடிகளை இறக்கி, ஹீற்றரை உச்சத்துக்குத் திருப்பினான்.

"என்ன தம்பி செய்யிறாய்?"

"றேடியேற்றர் ஃபான் வேலை செய்யேல்லை அங்கிள். எஞ்சின்ரை சூட்டை உள்ளுக்கை இழுத்தாத்தான் வவுனியா மட்டும் போகலாம்."

அவன் சொன்னது சரி. ஹீற்றரும் ஒரு றேடியேற்றர்தானே. முள் இறங்கியது. கால் மாட்டிலிருந்து நெருப்புக் காற்று. 401இல் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு நான் வேண்டாத தெய்வமில்லை. அந்த வேண்டுதல் முழுவதும் வட்டியோடு மதவாச்சி வெய்யிலில் வந்து சேர்ந்தது. மனைவி விசிறிக்கொண்டு, "உங்கடை கனடாக் காரிலை ஏன் இப்பிடி வாறேல்லை?" என்று கேட்டாள்.

கனடாக் கார் இப்போது வேறு சாதி. சாரதிப் பக்கத்துக்கு ஒரு வெப்பம், பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு வெப்பம், அரைப் பாகை பிசகாமல் எண்ணில் போடலாம். எனக்கு 21.5, அவளுக்கு 24. முன்பு காருக்குள் எல்லாருக்கும் ஒரே குளிர், அதனால் குடும்பத்தில் அந்த விஷயத்தில் ஒற்றுமை இருந்தது. போன மாரியில் அவள் பக்கம் மட்டும் நகச்சூடாயிற்று. திரையில் 24 என்றுதான் நின்றது. கார் வாங்கிய இடத்தில் கொண்டுபோய் விட்டால், நோய் இன்னதென்று சொல்வதற்கு ஒரு காசு, நோயை மாற்றுவதற்கு வேறு காசு. டாஷ்போட் முழுவதையும் கழற்ற வேண்டிவரலாம் என்று, சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் கேட்பவர்களின் மரியாதையான குரலில் சொன்னார்கள்.

கராஜ் அண்ணையிடம் வந்தேன். அவரும் முன்னைய ஆளில்லை. டாஷ்போட்டுக்கு அடியில் இருக்கும் சொக்கற்றில் ஒரு கருவியைக் கொளுவி, ரப்லெற்றில் கண்ணாடி போட்டுப் படிக்கிறார். இப்போது தேர்மோஸ்ராற் திறந்தபடி இறுகிவிட்டால், தண்ணீர் போதிய சூட்டுக்கு வரவில்லை என்று காரே பி0128 என ஒரு குற்றப்பத்திரிகை எழுதி வைத்துவிடும். கழற்றி எறிகிற வைத்தியர்களுக்கு இனிப் பிழைப்பில்லை. என் காரில் அந்த எண் இல்லை. என்றாலும் வழக்கம் விடாமல் இரண்டு ஹோஸையும் பிடித்துப் பார்த்தார். இரண்டும் கை வைக்க ஏலாத சூடு. அப்படியானால் கோளாறு தண்ணீரில் இல்லை, காற்றில். சூட்டுக் காற்றையும் குளிர் காற்றையும் எந்த அளவில் கலப்பது என்பதை டாஷ்போட்டுக்குள் இருக்கும் ஒரு பிளாஸ்ரிக் கதவு தீர்மானிக்கிறது. முன்பு லீவரிலிருந்து ஒரு கம்பி போய் அதை இழுத்தது. இப்போது பக்கத்துக்கு ஒரு கதவு, கதவுக்கு ஒரு குட்டி மோட்டர். காரை ஸ்ராற் பண்ணியதும் பல்லி சொல்வது எங்கள் எல்லாருக்கும் கேட்டது, டிக், டிக், டிக். மோட்டரின் பல் தேய்ந்து, கதவைத் தள்ளமுடியாமல் வழுக்குகிற சத்தம்.

நோயைப் பிடித்தது அவர். ஆனால் அது இருந்த இடம் அவருக்கு எட்டவில்லை. எழுபதை நெருங்கும் முதுகு, கையுறைப் பெட்டிக்குப் பின்னால் வளைய மறுத்தது. அவருடைய கடைசி மகன் காரின் தரையில் மல்லாந்து படுத்து, தலையை உள்ளே விட்டு, தொலைபேசியின் கமெராவைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக் கழற்றினான். டாஷ்போட் இருந்தபடியே இருந்தது. கையில் தந்த சில்லைப் பார்த்தேன். வெள்ளை நைலோன், ஒரு ரூபாய்க் குத்தி அளவு, இரண்டு பல் இல்லை. புதியதைப் பூட்டியதும் கார் தன்பாட்டில் கதவை அங்கும் இங்கும் அசைத்து எல்லையைப் படித்துக்கொண்டது. மனைவிக்கு 24 திரும்ப வந்தது. உடனே வெக்கையாக இருக்கிறதென்று 22க்கு இறக்கினாள்.

என் மகனிடம் எஞ்சினே இல்லாத கார். சூடு பற்றிய என் அறிவு முழுவதும் அதோடு வழக்கொழிந்தது. பெற்றோல் எஞ்சின் எரிபொருளில் சுமார் மூன்றில் ஒரு பங்கைத்தான் ஓட்டத்துக்கு எடுக்கிறது, மிச்சமெல்லாம் சூடாக வீண் போகிறது. அந்தக் கழிவைத்தான் நாங்கள் இவ்வளவு காலமும் இலவசமாகக் காய்ந்துகொண்டிருந்தோம். எட்டு சிலிண்டர்க் கார் ஊருக்கே காணும் அளவு சூட்டை வீணாக்கியது, எங்களுக்குத்தான் தரவில்லை. பற்றரிக் காரில் வீணாக அவ்வளவு இல்லை, ஆகையால் காய்வதற்கும் இல்லை. வேண்டுமென்றால் பற்றரியிலிருந்து எடுத்துச் செய்ய வேண்டும், செய்தால் போகிற தூரம் குறையும். முன்பு விடியக் காலையில் எஞ்சினை ஓடவிட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவோம். இப்போது ரொறன்ரோவில் நின்ற இடத்தில் எஞ்சின் ஓடுவதற்கு மணித்தியாலத்தில் ஒரு நிமிடம்தான் சட்டம். மகனுக்கு அந்தச் சட்டம் பொருட்டில்லை. கட்டிலில் படுத்தபடி தொலைபேசியில் தட்டுவான், கார் வீட்டுக் கறன்றில் சூடாகிக் காத்து நிற்கும். ஏறியதும் எல்லாரும் ஜக்கெற்றைக் கழற்றுவோம். 401இல் வாகன நெரிசல் வரும். திரையில் மிச்சத் தூரம் இறங்கும். அவன் ஓசைப்படாமல் வெப்பத்தை 17க்குக் கொண்டுவருவான். "சீற்றைச் சூடாக்கியிருக்கிறன் அம்மா, அது காணும்." எல்லாரும் ஜக்கெற்றைத் திரும்பப் போடுவோம். இதைத் திறமையான பாவனை என்கிறார்கள்.

இந்தத் தையில் அந்தக் காரிலும் நகச்சூட்டுக் காற்று வந்தது. நான் கூலன்ற் அளவு பார்த்தாயா என்று கேட்டேன், மகன் என்னைப் பாசத்தோடு பார்த்தான். கம்பனிக்கு எழுதினான். இரவு கார் கொட்டிலில் நிற்க, எங்கிருந்தோ ஏதோ இறங்கிப் பதிந்தது. காலையில் ஹீற்றர் சுட்டது.

"என்ன பிழையாம்?"

"சொல்லேல்லை அப்பா. சின்னத் திருத்தங்கள் எண்டு ஒரு வரி வந்திருக்கு."

கராஜ் அண்ணையிடம் இதைச் சொன்னபோது அவர் ஒரு பழைய மூடியில் காஸ்கெற் சுரண்டிக்கொண்டிருந்தார். பிளேட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஆர் வந்து பாத்தது?"

"ஒருத்தரும் வரேல்லை அண்ணை."

"காசு?"

"எடுக்கேல்லை."

"ஹோஸைத் தன்னும் தொட்டுப் பாத்தவங்களோ?"

"கார் வீட்டிலை நிண்டது. ஒருத்தரும் தொடேல்லை."

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு மேசை லாச்சியைத் திறந்து தன் விசிற்றிங் காட் ஒன்றை எடுத்தார்.

"அப்ப திரும்ப வரும். மகனிட்டைக் குடுத்துவிடும்."